விமானம் பார்ப்பதும் குற்றமா?

எங்கள் ஊர் தேவதானம். இராசபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் சேத்தூரை அடுத்து, மேற்கே மலையும் மலையடியில் தென்னந்தோப்பும் கண்மாயும் வயலுமாகக் கிடக்கும் ஊர். தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களுள் சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, எங்கள் ஊர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் ஆகாயம். ஆகவே ஆகாயத்தை அண்ணாந்து பார்ப்பது எங்கள் ஊர்க்காரனுக்குப் பிறப்புரிமை என்று விடுதியில் நான் வாதாடுவதுண்டு. நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்தக் கட்டுரை சிரிப்பதற்காக எழுதப்படுவதன்று.

எனக்கு விமானப் பைத்தியம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலைக்கு மேலே வெள்ளி ஊசிபோல் ஒன்று ஊர்ந்து போனால், பாடம் நடந்துகொண்டிருந்தாலும் என் மனம் சன்னலுக்கு வெளியே போய்விடும். மேலை நாடுகளில் இப்படிப்பட்டவர்கள் ஒரு கூட்டமாகவே இருக்கின்றனர். பறவை பார்ப்பவர்கள் ஏரிக்கரையில் காத்துக் கிடப்பதுபோல் இவர்கள் விமான நிலைய வேலியோரம் காத்துக் கிடந்து, எந்த விமானம் எப்போது வந்தது, அதன் பதிவெண் என்ன என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர், படமும் எடுப்பர். நம் நாட்டு விமானமாயின் பதிவெண் வி.டி. என்று தொடங்கும். ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கிய எழுத்துகள் அவை. நாடு விடுதலை பெற்றும் விமானத்தின் வாலில் அவை ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, தபால் தலை சேர்ப்பதனால் யாருக்கு என்ன பயன் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இந்த ஆண்டு டிசம்பர் விடுமுறையில் மலைமேல் உள்ள விமான நிலையம் ஒன்றுக்குச் சென்று படம் எடுப்பது என்று நாங்கள் நால்வர் முடிவு செய்தோம். எந்த மலை என்பதில்தான் சண்டை தொடங்கியது. வரலாற்றுத் துறை நண்பன் நேபாளத்து லுக்லாவைச் சொன்னான். எவரெஸ்ட் மலைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம் அது. எட்மண்ட் ஹிலாரி 1964இல் ஷெர்பாக்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் கட்டச் சாமான் கொண்டுபோகவேண்டி அமைத்த தளம். மண் இறுகுவதற்காக ஷெர்பாக்களைக் கைகோத்து ஆடச் சொல்லி, அவர்கள் காலால் மிதித்தே தரையைக் கெட்டிப்படுத்தினார் என்பார்கள். ஓடுதளம் 527 மீட்டர்தான். அதுவும் நூற்றுக்குப் பதினொன்றரைக்கு மேல் சரிவு. இறங்கும் விமானம் மேடேறி நிற்கும். கிளம்பும் விமானம் பள்ளத்தை நோக்கி ஓடித் தாவும். ஒரு முனையில் மலைச்சுவர், மறு முனையில் பாதாளம். இரண்டாம் முயற்சி என்பதே இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நண்பன், “உலகத்திலேயே ஆபத்தான ஏர்போர்ட்டுடா! அங்கே எடுத்தால்தான் படம்” என்றான். அவனுடைய பட்டியல் கைப்பேசியிலிருந்து வந்தது. செலவைச் சொல்லி நான் அதைத் தட்டிக் கழித்திருக்கலாம்; எங்கள் நால்வர் வீட்டுப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் காத்மாண்டு வரைக்கும்கூடக் காணாது. ஆனால் நான் மறுத்தது அதனால் அல்ல. ஆபத்து இருப்பதால் பார்க்கப் போகிறோம் என்ற அந்த எண்ணமே எனக்குப் பிடிக்கவில்லை. 2008 அக்டோபர் 8ஆம் நாள் லுக்லாவில் மூடுபனியில் இறங்க முயன்ற சிறு விமானம் ஓடுதளத்துக்கு முன்பே மோதி 18 பேர் இறந்தனர். அவர்களும் மலை பார்க்கப் போனவர்களே. விமானம் பத்திரமாக இறங்குவதைப் பார்க்கத்தான் ஒருவன் வேலியோரம் நிற்க வேண்டும். இறங்காமற் போனால் என்ன ஆகும் என்று எச்சில் ஊற நிற்பவன் விமான ரசிகன் அல்லன். அவன் கழைக்கூத்தாடி விழுவானா என்று பார்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

நான் சொன்ன இடம் கேரளத்துக் கரிப்பூர். கோழிக்கோடு விமான நிலையம் என்று பெயரே தவிர, அது இருப்பது மலப்புறம் மாவட்டத்தில் கொண்டோட்டிக்குப் பக்கத்தில். 1988இல் திறக்கப்பட்டது. குன்றின் தலையைச் சீவி மேசைபோல் ஆக்கி அதன்மேல் ஓடுதளம் போட்டிருக்கிறார்கள். “அதன் உயரம் என்ன?” என்றான் வரலாற்று நண்பன். கடல் மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர் சொச்சம் என்றேன். “நம்ம இராசபாளையமே அதைவிட உயரமடா! பஸ் ஸ்டாண்டிலேயே நின்று எடுத்துவிட்டு வருவோம்” என்று கேலி செய்தான். அவன் சொன்னது உண்மைதான். ஆயினும் மலை விமான நிலையம் என்பது உயரத்தால் ஆவதன்று. நாற்புறமும் நிலம் இறங்கிவிடுவதால் ஆவது. சமவெளியில் ஓடுதளத்தைத் தாண்டி ஓடிவிட்ட விமானம் வயலில் புதைந்து நின்றுவிடக்கூடும். மேசைமேல் ஓடும் விமானத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

2010 மே 22 அன்று மங்களூரில் அதுதான் நடந்தது. துபாயிலிருந்து 166 பேருடன் வந்த விமானம் ஓடுதளத்தைக் கடந்து பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். 2020 ஆகஸ்டு 7 இரவு கரிப்பூரில் அதுவே மீண்டும் நடந்தது. கொரோனாக் காலத்தில் துபாயிலிருந்து ஊர் திரும்பியோர் உட்பட 190 பேர் இருந்த விமானம். கொட்டும் மழை. முதல் முறை இறங்க முயன்றபோது தலைமை விமானியின் கண்ணாடி வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. மேலெழும்பிச் சுற்றிவந்து மறுமுனையில் இறங்கினார்கள். அப்போது காற்று பின்னாலிருந்து தள்ளிற்று. 8,858 அடி ஓடுதளத்தில் ஏறத்தாழப் பாதி கழிந்த பின்னரே சக்கரம் தரையைத் தொட்டது. எஞ்சிய ஈரத் தரை போதவில்லை. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய இரவில்தான் மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மண் சரிந்து, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேரைக் கொண்டுபோயிற்று. ஒரே மழைதான் இரண்டிடத்தும். பெட்டிமுடியை நம்மில் எத்தனை பேர் இன்று நினைவில் வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை.

கரிப்பூரை நான் தேர்ந்தது அங்கு விபத்து நடந்ததனால் அல்ல. விபத்து நடந்தபோது அவ்வூரார் நடந்துகொண்டதனால். வேலிக்கு வெளியே குடியிருந்தவர்கள் சத்தம் கேட்டு அந்த மழையில் ஓடிவந்தார்கள். நோய்த் தொற்றுக்காக அடைக்கப்பட்டிருந்த பகுதி அது. ஒருவரை ஒருவர் தொடவே அஞ்சிய காலம். அப்போது முன்பின் அறியாதவர்களைத் தூக்கித் தம் கார்களிலும் ஆட்டோக்களிலும் போட்டு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். இரவோடிரவாக இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். பிறகு தாமாகவே தனிமையில் போய் அடைந்துகொண்டார்கள். பிழைத்தவர்களும் இறந்தோரின் உறவினரும் தங்களுக்குக் கிடைத்த இழப்பீட்டிலிருந்து பணம் சேர்த்து, அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் கட்டித்தர 2022இல் முன்வந்தார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டும் என் மாமா, “அன்னைக்குக் காயத்துக்குக் கட்டின துணியில நம்ம ஊருத் துணியும் இருந்திருக்கும்டா” என்பார். அதற்குச் சான்று ஒன்றும் அவரிடம் கிடையாது. ஆனாலும் அவர் அப்படிச் சொல்வதை நான் மறுத்ததில்லை.

நிற்க. பயணத் திட்டத்துக்கு வருகிறேன். மதுரையிலிருந்து குருவாயூர் செல்லும் எக்ஸ்பிரஸ் 2023 முதல் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகவே போகிறது. செங்கோட்டை மலையைக் கடந்து புனலூர், கொல்லம், எர்ணாகுளம் என்று போய்க் குருவாயூரில் இறங்கினால், அங்கிருந்து பஸ் மாறிக் கொண்டோட்டி சேரலாம். நம் ஊர் ஸ்டேஷனிலேயே ஏறலாம் என்பது பெரிய வசதி.

இடம் பிடித்துவிட்டால் போதாது. எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் இந்தக் கலையில் பாதி. ஓடுதளத்தின் இரு முனைகளிலும் பெரிதாக எண் எழுதியிருப்பார்கள். காந்த ஊசி காட்டும் திசையைப் பத்தால் வகுத்தால் வரும் எண் அது. கரிப்பூரில் 10, 28. அதாவது விமானம் கிழக்கே பார்த்து வந்தால் 10. மேற்கே பார்த்து வந்தால் 28. விமானம் எப்போதும் எதிர்காற்றில் இறங்கவே விரும்பும். தென்மேற்குப் பருவத்தில் கடற்காற்று வலுத்திருக்கும். ஆகவே கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்கும். டிசம்பரில் பெரும்பாலும் காலையில் நிலக்காற்று, பிற்பகலில் கடற்காற்று. அப்படியாயின் காலையில் விமானம் கிழக்கு முகமாகவும் பிற்பகலில் மேற்கு முகமாகவும் இறங்க வேண்டும். சூரியனும் காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே. ஆக இரு வேளையும் வெயில் விமானத்தின் மூக்கிலேயே விழும்! இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காற்று என் கணக்குக்குக் கட்டுப்படுமா என்பது போனால்தான் தெரியும்.

இன்னொன்று. மேல்நாட்டார் எழுதிய குறிப்புகளில், கிழமேலாகக் கிடக்கும் ஓடுதளத்துக்கு எப்போதும் தெற்கே நில், சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இலண்டனுக்கு அது சரி. நம் நாட்டுக்குச் சரியன்று. கரிப்பூர் பதினொன்றாம் பாகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரையில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கே நின்று எடுத்தால் விமானம் கரிக்கட்டையாகத்தான் விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நாங்கள் தெற்கேதான் நிற்க வேண்டும். கல்லூரியில் படித்த இயற்பியல் எனக்கு உதவிய முதல் சந்தர்ப்பம் இதுவே என்று எழுதினால் பேராசிரியர்கள் வருந்தக்கூடும், ஆயினும் உண்மை.

காமிரா, இராசபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவருடையது. கல்யாண முகூர்த்தம் இல்லாத நாட்களாகப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 300 மில்லிமீட்டர் லென்ஸ். ஜெட் விமானத்தை ஆயிரத்தில் ஒரு நொடியில் நிறுத்திப் பிடிக்கலாம். ஆனால் ஏ.டி.ஆர். போன்ற சுழல்விசிறி விமானத்தை அந்த வேகத்தில் எடுத்தால் விசிறி அசையாமல் நின்றுவிடும். வானில் பழுதாகி நிற்பதுபோல் இருக்கும். அதற்கு நூற்றிருபத்தைந்தில் ஒரு நொடி அல்லது இருநூற்றைம்பதில் ஒரு நொடி வைத்து, விமானத்தோடு காமிராவையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். பத்து மணிக்கு மேல் ஓடுதளத்தில் கானல் எழும், எழுத்துகள் நெளியும். ஆகவே விடியற்காலையும் மாலையுமே நமக்குரியவை. நடுப்பகல் புரோட்டாவுக்கு உரியது.

மேசைக்குன்றின் அடிவாரத்தில் நின்றால் ஓடுதளம் கண்ணிற் படாது. விமானம் குன்றுக்கு மேல் வந்து திடீரென மறைந்துவிடும். பார்க்க வேண்டுமானால் அதற்கு இணையான இன்னொரு குன்றில் ஏறி நிற்க வேண்டும். இங்கேதான் என் கட்டுரையின் தொல்லை தொடங்குகிறது. எந்தக் குன்றில் நிற்கலாம், எதில் நிற்கக் கூடாது என்று யாரைக் கேட்பது?

சென்ற ஆண்டு தமிழகத்து விமான நிலையம் ஒன்றன் வேலிக்கு வெளியே, பஸ் போகும் பொதுச்சாலையில் நின்று நானும் வணிகவியல் நண்பனும் படம் எடுத்தோம். எந்த ஊர் என்பது வேண்டாம். காவலர் ஒருவர் வந்து அழைத்துப்போனார். நான்கு மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எடுத்த அறுபத்தொரு படங்களையும் ஒவ்வொன்றாக என்னையே அழிக்கச் சொன்னார்கள். என் அப்பா நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவர். தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி வரவழைத்து, இனி என் மகன் இவ்வாறு செய்ய மாட்டான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஓர் அதிகாரி டீகூட வாங்கிக் கொடுத்தார். “தம்பி, விதி என்னன்னு எனக்கே சரியாத் தெரியாது, ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க?” என்றார். திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சேத்தூர் வந்த பிறகு, “சாப்பிட்டியா?” என்றார்.

அந்த அதிகாரியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதுதான் நோயின் வேர். 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 13ஆம் விதி, அரசு விமானத் தளத்திலும் பறக்கும் விமானத்திலிருந்தும் எழுத்துமூலமான அனுமதியின்றிப் படம் எடுக்கலாகாது என்கிறது. பயணிகளுக்கு அதில் சில தளர்வுகள் பின்னாளில் வந்தன. விமானத்துக்குள் தன்னையே படம் எடுத்துக்கொள்ளாத பயணி இன்று இல்லை. ஆனால் வேலிக்கு வெளியே சாலையில் நிற்பவனைப் பற்றி அவ்விதி வாய் திறக்கவில்லை. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் பயம் பேசத் தொடங்கிவிடுகிறது.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இராணுவமும் பயன்படுத்தும் தளங்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 2025 மே மாதத்தில் எல்லையோரப் படைத் தளங்களில் ஏறி இறங்கும்போது சன்னல் திரையை மூடிவைக்க வேண்டும் என உத்தரவு வந்தது. நாடு இருந்த நிலையில் அது நியாயமே. லே நகரத்துத் தளம் பத்தாயிரம் அடிக்கு மேல் உள்ளது, பார்க்கக் கொள்ளை அழகு. இருந்தும் விமானப்படைத் தளம் என்பதால் அந்த ஆசையை நானே விட்டுவிட்டேன். எங்கே கூடாது என்று தெளிவாகச் சொன்னால் கட்டுப்படாத மாணவன் யார்? இந்தக் குழப்பம் நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டுக் கலமாத்தாவில் விமானக் காட்சி பார்க்கப் போன பிரிட்டிஷார் பன்னிருவரையும் டச்சுக்காரர் இருவரையும் ஒற்றர்கள் என்று சிறையில் அடைத்தார்கள். பதிவெண் குறிப்பது ஒரு பொழுதுபோக்கு என்பதை அந்நாட்டு அதிகாரிகளால் நம்பவே முடியவில்லை. 2002 ஏப்ரலில் தண்டனை. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை.

என் தாத்தா இளமையில் சென்னைக்குப் போனபோது செத்த காலேஜ், உயிர்க் காலேஜ் எல்லாம் பார்த்துவிட்டு, மீனம்பாக்கத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாடியில் நின்று விமானம் பார்த்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டு வாங்கினால் பார்க்கலாம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விமானத்தில் ஏறச் சக்தியில்லாத ஒரு நாட்டுக்கு விமானத்தைப் பார்க்கவாவது ஓர் இடம் இருந்தது. இன்று சிங்கப்பூர்ச் சாங்கியிலும் தோக்கியோ ஹனேடாவிலும் பார்வையாளருக்கென மாடம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மைவிடப் பயம் குறைவு என்று எண்ணுவதற்கில்லை. ஓர் இடத்தைக் குறித்து, கம்பி போட்டு, பெயர் எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டால், கண்ட குன்றிலும் ஏறிக் கால் தவறுகிறவர்களும் குறைவார்கள். யார் நிற்கிறார்கள் என்பதும் காவலருக்குத் தெரியும். விபத்தென்றால் முதலில் ஓடிவருபவர் வேலிக்கு வெளியே இருப்பவரே என்பதைக் கரிப்பூர் காட்டிவிட்டது. அவரை எதிரியாக எண்ணுவானேன்?

நம் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. எங்கள் ஊர் மலைக்கு அப்புறம், நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள்ளாக, இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாற்றுக்கு அருகில் சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி. மாணவர்களின் பறத்தல் பயிற்சிக்கென 650 மீட்டர் ஓடுதளம் ஒன்று அமைத்திருக்கிறார்கள். சபரிமலைக்குப் புல்மேடு வழியாக நடக்கிறவர்களுக்குத் தெரிந்த இடம். 2022இல் முதலில் வந்த சிறு விமானம் எதிரே நின்ற மேட்டினால் இறங்க முடியாமல் திரும்பிப் போயிற்று. அவ்வாண்டு மழையில் ஓடுதளத்தின் ஓரமே சரிந்தது. டிசம்பர் 1 அன்று ஒருவாறு இறங்கிவிட்டது. அந்த விமானத்தின் பெயர் ‘வைரஸ்’. கொரோனா ஓய்ந்த கையோடு அப்படி ஒரு பெயர்! பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி இருப்பதால் அத்தளத்துக்கு எதிர்ப்பும் உண்டு. அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு என்றே நினைக்கிறேன். யானைக்கும் காட்டுமாட்டுக்கும் அந்தச் சத்தம் வேண்டியதில்லை. ஆயினும் அமைத்தாகிவிட்ட ஒன்றை நம் கல்லூரி என்.சி.சி. மாணவர்கள் ஒரு முறை முறைப்படி அனுமதி பெற்றுப் போய்ப் பார்க்கக் கூடாதா? தேனி, கம்பம், குமுளி என்று சுற்றிக்கொண்டு போனாலும் ஒரு நாள் பயணந்தான். எங்கள் நால்வரில் ஒருவன் என்.சி.சி.யில் இருக்கிறான், அவனுக்கே அப்படி ஓர் இடம் இருப்பது நான் சொல்லித்தான் தெரிந்தது.

கரிப்பூர் விமான நிலைய இயக்குநருக்கும் அவ்வூர்க் காவல் நிலையத்துக்கும், எந்தத் தேதியில் வருகிறோம், எங்கே நிற்க அனுமதிப்பீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறோம். முதல்வர் ஐயா கையெழுத்திட்டுக் கல்லூரி முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அழிந்த விமானம் கிடந்த சரிவில் நின்று யாரும் தம்மைப் படம் எடுத்துக்கொள்வதில்லை என்று நால்வரும் எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். வரலாற்று நண்பனும் இதற்கு ஒப்பினான். இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை பதில் வரவில்லை.

கடிதத்தின் நகலை அப்பாவிடம் காட்டினேன். நிதானமாக இரண்டு முறை படித்தார். “அன்னைக்கு நான் எழுதிக் குடுத்ததுக்கு இது விரோதமில்லையே?” என்று கேட்டார். அனுமதி வாங்கிப் போவது விரோதமாகாது என்றேன். சற்று நேரம் கழித்து, மில்லில் மூன்று நாள் லீவு மிச்சம் இருப்பதாகவும், தானும் விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை என்றும் சொன்னார். நால்வர் என்று எழுதியதை ஐவர் என்று திருத்தி நேற்று மறுபடியும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன்.